காயாத சிவப்பு

மண்ணெண்ணெயும் துருவும் ஈரச் சாக்கும் ஒரே அறையில் பூட்டிக் கிடந்து வேர்த்தால் என்ன வாசனை வருமோ, அதுதான் எனக்குச் சிவப்பு. மற்றவர்களுக்குச் சிவப்பு என்றதும் குங்குமமோ மிளகாய்ப்பழமோ கண்ணில் வந்து நிற்கும். எனக்கு அது முதலில் மூக்கில் ஏறி, தொண்டையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் கண்ணுக்கு வந்து சேரும். திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் கதவு, ஜன்னல், துணிப்பெட்டி, தண்ணீர் டிரம், சாமி படத்தின் சட்டம் எல்லாமே அந்த ஒரே சிவப்பு. சோற்றில்கூட அந்த வாசனை இருக்கும்; இல்லாத நாளில் பசி அடங்காது.

இதை இப்போது சொல்லக் காரணம் ஒரு தம்பி. என் அக்கா மகள் நித்யா புது ஃப்ளாட் வாங்கியிருக்கிறாள். அதை அழகுபடுத்த, தாடியை அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் வழித்துக்கொண்ட அந்தத் தம்பி, விசிறி மாதிரி விரிகிற வண்ண அட்டைகளோடு வந்தான். ஒரு சிவப்பைக் காட்டி, "ஆன்ட்டி, இது வார்ம் ரெட். தனியா விட்டா கத்தும். பக்கத்துல ஒரு சாஃப்ட் நியூட்ரல் குடுத்தா, இது பேசும், அது கேட்டுக்கும்" என்றான். அந்தக் கேட்டுக்கொள்கிற நிறத்தின் பெயர் 'ஓட் மில்க்' என்றான், ஓட்ஸை அரைத்து எடுக்கிற பாலாம். மாடு கொடுக்காத பாலுக்கு ஒரு நிறம், அதைச் சுவரில் பூச ஒரு ஆள், பூசிய பிறகு பேச்சுவார்த்தை. இந்தக் கூத்தை எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், கேட்டிருந்தால், "மனுசன் மனுசங்கிட்ட பேச நாதியில்ல, இவன் செவுத்துக்கு வாய் வெச்சிகினு கீறான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பார். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அங்கேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். முட்டாள்தனம் நன்றாக உடுத்திக்கொண்டு வந்தால் பார்க்காமல் விடக்கூடாது.

கேட்க இன்னொரு காரணமும் இருந்தது. அவன் அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக் காட்டிய அந்த இரண்டு நிறத்தையும் எங்கள் வீடு அந்தக் காலத்திலேயே அணிந்திருந்தது. அதற்காக எங்களை எச்சில் துப்பாத குறையாகப் பேசினார்கள்.

நைனா, பெயர் ஏகாம்பரம், துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். முதலில் சுத்தியலால் துருவைத் தட்டித் தட்டி உதிர்க்க வேண்டும். பிறகு 'ரெட் ஆக்சைடு' என்கிற செங்கல் நிறப் பூச்சு. அது காய்ந்த பிறகு அதன்மேல் சாம்பலோ கறுப்போ. சிவப்பின் வேலை துருவைத் தடுப்பது மட்டும்தான், யார் கண்ணிலும் பட அது பிறக்கவில்லை. "அது கப்பலுக்கு உள்பாவாட மாதிரி. மேல பொடவ சுத்தாம எந்தக் கப்பலையும் தண்ணில உடமாட்டாங்கோ" என்பார். டிரம்மின் அடியில் கட்டிதட்டி நிற்கிற வண்டலை மேஸ்திரி கொட்டிவிடச் சொல்வார். கொட்டுவதற்குப் பதில் ஆளுக்கொரு டப்பாவில் வழித்து வீட்டுக்கு எடுத்து வருவார்கள். அதில் மண்ணெண்ணெயை ஊற்றிக் குச்சியால் கடைந்தால் மறுபடியும் பெயின்ட். எங்கள் தெருவில் துறைமுக வேலைக்காரர் வீடு எது என்று கண்டுபிடிக்கத் தபால்காரருக்குக் கதவு எண் தேவைப்பட்டதே இல்லை.

சுவர், அம்மாவின் இலாகா. ஆலைப் புகையும் கரித்தூளும் இறங்குகிற ஊரில் வெள்ளையடித்தால் பத்து நாள் தாங்காது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பொங்கலுக்குப் பொங்கல் அடித்துவிட்டு, மாசி பிறப்பதற்குள் புகையைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அம்மா திட்டவில்லை. டீக்கடையில் வடிகட்டிக் கொட்டுகிற டீத்தூளை வாங்கி வந்து மறுபடி கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றைக் கஞ்சியோடும் கல் உப்போடும் சுண்ணாம்பில் கலந்து அடிப்பார். "வெள்ளையா இருந்தாதான அழுக்கு தெரியும்? நாமளே முன்னாடி கொஞ்சம் அழுக்காக்கிட்டா அப்பால எவன் வந்து அழுக்காக்கறது?" என்பது அம்மாவின் கட்சி. பலமுறை துவைத்த வேட்டி மாதிரி, ஏலக்காய் மறந்துபோன பாயசம் மாதிரி ஒரு நிறம் வரும். அதற்குப் பெயர் கிடையாது. கேட்டால் 'டீ சுண்ணாம்பு' என்போம். அந்தச் சுவருக்கு நடுவில் அந்தச் சிவப்புக் கதவு.

இதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கவே மாதம் ஒருமுறை யானைக்கவுனியிலிருந்து வருவார் நைனாவின் அக்கா. நாங்கள் 'யானைக்கவுனி அத்தை' என்போம். அவர் கணவர் மொத்தக்கடையில் கணக்கப்பிள்ளை. அவர்களுடைய மாடி வீட்டுக்குப் பிஸ்தா பச்சையில் டிஸ்டம்பர் அடித்திருந்தது. அந்தப் பச்சையை அத்தை தன் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார். நரம்பில்லாத நாக்கு என்று பிறரைச் சொல்வார்கள். அத்தையின் நாக்கில் நரம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. "ஓட்ட சட்டிக்கு கோலம் போட்டா கொழம்பு நிக்குமா?" என்பார். "கலீஜ்ல பொறந்தா மூக்கு மரத்துதான் போவும்" என்பார். நைனா எதார்த்தமாகச் சொன்ன அந்த உள்பாவாடைப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, தெருவில் நுழையும்போதே எல்லோர் காதிலும் விழும்படி, "என் தம்பி வூடு மட்டும்தான் உள்பாவாடையோட ரோட்ல நின்னுகினு கீது" என்பார். தெருவே சிரிக்கும். நானும்கூட ஒருமுறை சிரித்திருக்கிறேன். ஒருவரை வெறுத்துக்கொண்டே அவர் பேச்சை ரசிக்க முடியும் என்று பத்து வயதில் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். இன்று என் எழுத்தில் யாருக்காவது சுருக்கென்று பட்டால், அது அந்த அம்மாளிடமிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து.

அந்த வருடம் ஐப்பசியில் என் அக்கா கலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்கா தண்டையார்பேட்டையில் சட்டை தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஒருநாள் அவளுடைய டிபன் பாக்ஸ் உருண்டு ஓடியபோது எடுத்துக் கொடுத்தவர் சேகர், மணலி புதுநகர்க்காரர், பட்டறையில் ஃபிட்டர். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரே பஸ்ஸில் போனார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் டிரைவர் உட்பட எல்லோருக்கும் தெரியும். கடைசியில் சேகர் தன் அம்மாவை அனுப்பிக் கேட்கச் சொல்லிவிட்டார். அக்கா இதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள், அதுவும் தலையணையைப் பார்த்துக்கொண்டு. நைனாவுக்கோ எந்தக் காரியத்துக்கும் மூத்த அக்காவைக் கூப்பிடாமல் முடியாது. கூப்பிட்ட அத்தை சும்மா வரவில்லை. யானைக்கவுனியில் மனைவியை இழந்து, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த ஒரு கடைக்காரரைக் கைவசம் வைத்துக்கொண்டு வந்தார். "மணலிக்காரங்க பாத்துட்டு போவட்டும். இந்த வூட்ட பாத்துட்டு எவன் திரும்பி வருவான்? அப்பால என் கையிலதான் வரணும்" என்று அம்மாவின் எதிரிலேயே சொன்னார். அக்கா உள்ளே சாமான் விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்குகிற சத்தம் நின்றுவிட்டது.

அதனால்தான் அம்மா இரண்டு நாளைக்கு முன்பே சுவர் முழுக்க டீ சுண்ணாம்பு அடித்தார். நைனா கதவிலிருந்து உட்காருகிற பெஞ்சு வரைக்கும் புதிதாகச் சிவப்பு பூசினார். பெஞ்சு என்றால் கடையில் வாங்கியதில்லை. சரக்குக் கப்பலில் மூட்டைக்கு அடியில் போடுகிற முரட்டுப் பலகை, பல ஊர் எண்ணெயைக் குடித்தது. அதை இரண்டு இரும்புக் காலில் முடுக்கியிருந்தார். மழை விட்டு விட்டுப் பெய்தது. அந்தக் காற்றில் அப்பளமே நமத்து நாக்கில் ஒட்டும், பெயின்ட் என்ன செய்யும்.

காய்ந்ததா என்று பார்க்க நைனாவிடம் ஒரு வழி இருந்தது. நடுவிரலை மடக்கி அதன் முதுகால் தொடுவார். உள்ளங்கைப் பக்கம் எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும். ஒட்டியதா இல்லையா என்று அதில் எப்படித் தெரியும்? அன்று காலை அவர் பெஞ்சின் முன் குந்தி, விரலை மடக்கித் தொட்டுப் பார்த்து, விளக்கு வெளிச்சத்தில் காட்டி, "பாரு, சுத்தம். காஞ்சிட்ச்சி" என்றார். தொட்டது இரும்புக் காலை. காலமெல்லாம் இரும்பையே பூசி இரும்பையே தொட்டுப் பழகிய விரல், மரம் என்று ஒன்று அதன்மேல் இருப்பதையே மறந்து தானாக இரும்புக்குப் போய்விட்டது. கப்பலில் அவர் பூசியதன்மேல் யாரும் உட்கார வருவதில்லை.

அத்தை வாசலில் நின்றே ஆரம்பித்துவிட்டார். "டேய் ஏகா, பொண்ணு பாக்க வர்றாங்கன்னா வூட்ட மறைப்பாங்கடா. நீ இன்னாடா உள்பாவாடைய தோச்சி பளிச்சினு காட்டிகினு கீற!"

"சும்மா இருக்கா. புதுசா சோக்கா கீது பாரு" என்றார் நைனா, பாவம், உண்மையான சந்தோஷத்தோடு.

சேகரின் அம்மா தனம்மா இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சந்தன நிறத்தில் பட்டுப் புடவை, கரைகூட மெல்லியது. அதுதான் அவரிடம் இருந்த ஒரே பட்டு என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது. "குந்துங்க, குந்துங்க" என்று அம்மா பெஞ்சைக் காட்ட, அவர் உட்கார்ந்தார். சேகர் பாயில் உட்கார்ந்து, வந்த நிமிஷத்திலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை நடுவில் இருந்த நாற்காலியில் அமர்ந்து, தன் வீட்டுப் பிஸ்தா பச்சையைப் பற்றி விரிவாகப் பேசினார். அக்கா காபித் தட்டோடு வந்தாள். தனம்மா டம்ளரை எடுத்துக்கொள்ள எழுந்தார்.

'சர்ர்ரக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பழைய பிளாஸ்திரியைத் தோலிலிருந்து பிய்ப்பதுபோல். எல்லோரும் பார்த்தோம். சந்தனப் பட்டின் பின்பக்கம் முழுக்க, இடுப்புக்குக் கீழிருந்து, பலகையின் விளிம்பு மாறாமல் அகலமாக ஒரு சிவப்புப் பட்டை.

நைனா தன் நடுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அது தனக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல.

அத்தைக்கு வாய் திறந்துகொண்டது. "தூ! தெரியுமே எனக்கு! ஏம்மா, நீங்க தப்பா நெனச்சிக்காதீங்க. இதுங்க கூட பொறந்த பாவத்துக்கு நான் இன்னா பண்றது? கப்பல்ல வழிச்சி எறியறத எத்துகினு வந்து வூட்டுக்கு பூசிகினு அதுலயே பொரள்ற கும்பலு. பொண்ணு மட்டும் வேற மாதிரியா வரும்? நீங்க கெளம்புங்க, நான் வேற நல்ல எடமா பாத்து சொல்றேன்." சொல்லும்போது முகத்தில் வருத்தம் ஒரு துளி இல்லை. சாயம் பூசிய கடைக்காரரின் கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிற களை வந்துவிட்டது.

அம்மா மண்ணெண்ணெய் பாட்டிலோடு ஓடிவந்தார். தனம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "மண்ணெண்ண வேணாம்மா. பட்டு பொசுங்கிடும்."

அப்போதுதான் அக்கா தட்டைக் கீழே வைத்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதெல்லாம் அத்தை அவளுக்குக் காலையிலிருந்து சொல்லிக் கொடுத்திருந்தார். தலை நிமிரக்கூடாது, கேட்டால் ஒழியப் பேசக்கூடாது. அவள் நேராகப் போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் ஒரு பழந்துணியையும் எடுத்துக்கொண்டு வந்து, தனம்மாவின் பின்னால் மண்டியிட்டு, புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "அசையாம நில்லுங்க அத்தே" என்றாள்.

அத்தை. மருமகள் மாமியாரைக் கூப்பிடுகிற வார்த்தை. இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை. அக்கா அதைச் சொன்னதை உணர்ந்தாளோ இல்லையோ, தேய்ப்பதை நிறுத்தவில்லை. முழங்கை வரை சிவப்பாகிக்கொண்டிருந்தாள். சேகர் முதல்முறையாகக் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார்.

"கேட்டீங்களா! வெக்கங்கெட்ட..." என்று யானைக்கவுனி அத்தை தொடங்கினார்.

தனம்மா திரும்பவில்லை, அசையாமல் நிற்கச் சொன்னார்கள் அல்லவா, கழுத்தை மட்டும் லேசாகச் சாய்த்து, "பொடவையில ஒட்டனது எண்ண தேச்சா கொஞ்சமாச்சும் போவும். உங்க வாயில ஒட்டிகினு கீதே, அதுக்கு இன்னாங்க தேய்க்கறது?" என்றார்.

அவ்வளவுதான் பேசினார். அம்மாவின் நூல்புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பட்டைச் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்துகொண்டு, 'சொல்லி அனுப்புகிறோம்' என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள்.

ஒரு வாரம் செய்தி இல்லை. அக்கா வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பஸ்ஸில் போனாள். நைனா வேலைக்குப் போய்விட்டு வந்து பெஞ்சைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்; அத்தை ஞாயிற்றுக்கிழமை கடைக்காரரைக் கூட்டிவருவதாகச் சொல்லி அனுப்பினார், கூடவே "கதவாண்ட ஒரு கித்தான் துணி தொங்க உடு, அந்த செவப்பு தெரியாம" என்று ஒரு உத்தரவும். சனிக்கிழமை தனம்மா மட்டும் வந்தார், அம்மாவின் புடவையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு. இந்தமுறை பெஞ்சைத் தானே தொட்டுப் பார்த்து, பலகையைத்தான், இரும்பை இல்லை, பிறகு உட்கார்ந்தார்.

"எம் புள்ள ஒரு வாரமா கேக்கறான், நீ இன்னாம்மா சொல்றன்னு. நான் இன்னாத்த சொல்றது? மருமவ ஏற்கனவே அத்தேன்னு கூப்ட்டுட்டா" என்றார்.

கித்தான் தொங்கவில்லை. கடைக்காரர் தலைச்சாயத்தோடு வேறு திசைக்குப் போனார்.

கல்யாணத்தன்று தனம்மா அதே பட்டைத்தான் கட்டி வந்தார். கறை போகவில்லை, எண்ணெய் தேய்த்துத் தேய்த்து இன்னும் பரவியிருந்தது. அதனால் கறைமேல் அரக்குச் சிவப்பில் அகலமாக ஒரு துண்டை வைத்துத் தைத்து, முந்தானைக்கும் அதே துணியில் கரை கொடுத்திருந்தார். தைத்தது அக்காவின் கம்பெனித் தோழிகள். மண்டபத்தில் பெண்கள் எல்லாம் பின்னாலேயே போய், "எந்தக் கடையில எடுத்தீங்க? சந்தனத்துல அரக்கு, சோக்கா கீதே" என்று கேட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு முதல் பந்திக்கே வந்துவிட்ட யானைக்கவுனி அத்தையும் கேட்டார். முன்பக்கத்தை அவர் பார்த்திருக்கிறார், பின்பக்கத்தை அந்தக் கோலத்தில் பார்த்ததில்லை. அதே புடவை என்று அடையாளம் தெரியவில்லை. "மேட்சிங்னா இப்டி இருக்கணும்டி வசந்தா, உன் வூடு மாதிரி இல்ல" என்று அம்மாவிடமே சொல்லிவிட்டு, அடுத்த தீபாவளிக்குள் கடை கடையாக ஏறி இறங்கி அச்சாக அதேபோல் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டார். சந்தனம், பின்னால் அரக்கில் பட்டை. எங்கள் வீட்டுக் கப்பல் கறையைப் பணம் கொடுத்து வாங்கி, சாகும்வரை விசேஷத்துக்கெல்லாம் உடுத்தினார். நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை. நைனா மட்டும், அவர் அந்தப் புடவையில் வருகிற நாளில் எழுந்து வெளியே போய் மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு வருவார்.

நைனா இப்போது இல்லை. வண்டலை வழித்துக் கொடுக்கிற டிரம்மும் இல்லை. பெயின்ட் இப்போது என்ன உருவத்தில் வருகிறதோ, எனக்குத் தெரியாது. எங்கள் தெருவின் சிவப்புக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, புலியும் மயிலும் செதுக்கியவற்றை மாட்டியிருக்கிறார்கள். நித்யாவின் ஃப்ளாட் பழைய ஆலை இருந்த இடத்தில் எழும்பியது; எட்டாவது மாடி பால்கனியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். டிசைன் தம்பி வேலையை முடித்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். மூன்று சுவர் மாடு கொடுக்காத பால், ஒரு சுவர் சிவப்பு. அச்சாக எங்கள் கதவின் சிவப்பு. மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. "லோ ஓடர், ஆன்ட்டி" என்றான் பெருமையாக. வாசனையை எடுத்துவிட்டுக் கறிக்குழம்பு வைத்தவன் பெருமைப்பட்டால் எப்படி இருக்கும், அப்படி.

கலா அக்கா தன் மாமியாரின் அந்தச் சந்தனப் புடவையைத்தான் அன்று உடுத்தியிருந்தாள். தம்பி அதைப் பார்த்துக் கண்ணை விரித்து, "ஆன்ட்டி, இதே பேலட்! யார் டிசைன்?" என்று கேட்டான். "எங்க நைனா" என்றாள் அக்கா. அவன் தலையசைத்துக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டான்.

நான் நடுவிரலை மடக்கி, அதன் முதுகால் சுவரைத் தொட்டேன். அக்கா என் விரலையே பார்த்தாள். பிறகு, "ஆன்ட்டி, சாயாதீங்க, தலை எண்ணெய் பட்டா சுவர் கறையாயிடும்" என்று அவன் பதறப் பதற, அந்தச் சிவப்பில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து, கொஞ்ச நேரம் நன்றாக அழுத்தி நின்றாள். நின்றுவிட்டு விலகி, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"ஒட்டிச்சாடி?" என்றாள்.

எவ்வளவு தேடியும் ஒரு துளி ஒட்டவில்லை.